மின்னலுக்குக் கறுப்புக் கண்ணாடி

இந்தக் கோடையில் ஒரு மண்டபத்துக்குள்ளும் காலெடுத்து வைப்பதில்லை என்று, மே மாதத்து ஞாயிறு ஒன்றில், குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, வாய் நிறையப் பற்பசை நுரையோடு சபதம் எடுத்தேன். கதவைப் பூட்டிவிட்டுத்தான் எடுத்தேன். சபதம் எடுப்பதற்கு எனக்குத் துணிவு தாராளமாக உண்டு. அதை வதனாவின் காதில் விழும்படி எடுக்கிற துணிவுதான் இன்னும் வந்து சேரவில்லை.

வதனா என் மனைவி. முழுப்பெயர் சந்திரவதனா. ஸ்காபரோத் தமிழரில் பாதிப்பேர் அவளுக்குச் சொந்தம். மிச்சப் பாதிப்பேர் அவளுடைய சொந்தக்காரரைக் கட்டியவர்கள். இந்தக் கனடாவில் குளிர்காலம் முழுக்க நாங்கள் கோட்டுக்குள் ஒளிந்திருப்போம். வெயில் எட்டிப் பார்த்ததும் பிறந்தநாள், சாமத்தியவீடு, அரங்கேற்றம், அறுபதாம் கலியாணம் என்று எல்லாவற்றையும் வெளியில் எடுத்துக் காயப்போடுவோம். கோடையின் சனிக்கிழமை ஒன்றைக்கூட நான் வீட்டில் சாரத்தோடு கழித்ததாக நினைவில்லை. அழைப்பிதழில் ஐந்தரை என்று இருக்கும். ஐந்தரைக்குப் போனால் மேசைக்குத் துணி விரிக்கிறவர் எங்களைக் கண்டு பயந்துபோவார்.

தப்பிக்க முயலாமல் இல்லை. ஒருமுறை இடுப்பை அசைக்க முடியாத நாரிப்பிடிப்பு என்று படுத்தேன். நாரிக்கு வைக்கும் தலையணையோடு என்னைக் கொண்டுபோய் மண்டபத்தில் இருத்தினாள். ஒருமுறை ஓவர்டைம் என்றேன். நான் வேலை செய்வது குசினி அலுமாரி செய்யும் தொழிற்சாலை ஒன்றில். அங்கே என் சுப்பர்வைசரின் மனைவி இவளுக்கு ஒன்றுவிட்ட மச்சாள்.

எனக்கு வழி காட்டியவர் மாக்கஸ் அண்ணை. வோபர்னில் நாங்கள் இருக்கிற அடுக்குமாடிக் கட்டடத்தில் இரண்டு மாடி கீழே, மனைவி பேபி அக்காவோடு இருக்கிறார். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு கமராவைத் தூக்கிக்கொண்டு குருவிகளுக்குப் பின்னால் திரிகிறவர். ஒருநாள் லிஃப்டில் ஏறியதும் பெருமூச்சு விட்டார்.

"குருவியை எண்டாலும் பிடிச்சிடலாம் சிறீ. உந்தப் பகல் மின்னலைப் படம் பிடிக்கிறதுதான் பெரிய வில்லங்கம். கோடையில பின்னேரத்தில தான் இடிமழை வரும். எந்தக் கிழமை வரும், எந்த நேரம் வரும் எண்டு ஒருத்தராலயும் சொல்லேலாது."

என் மண்டைக்குள் அப்போதே ஒன்று பளிச்சிட்டது. கோடையில் வரும். பின்னேரத்தில் வரும். எப்போது வரும் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. விசேஷ வீடுகளுக்கு எதிராகக் கடவுள் படைத்த பொழுதுபோக்கு! அவருடைய பழைய கமராவை இரவல் கேட்டேன். அண்ணை சந்தோஷமாகத் தந்தார்.

அன்று பின்னேரமே குசினி வாசலில் நின்று அறிவித்தேன்.

"வதனா, நான் மின்னல் படம் எடுக்கப் போறன்."

வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவள் திரும்பவில்லை.

"ஆர் ஹீரோ?"

"சினிமாப் படமில்லையப்பா. போட்டோ. வானத்தில மின்னுற மின்னல். பகல் மின்னல்."

"பகலில என்னத்துக்கு? இரவில தானே வடிவாத் தெரியும்?"

இந்தக் கேள்விக்கு நான் தயாராக வந்திருந்தேன். இரவு மின்னல் விசேஷ வீட்டுக்கு இடைஞ்சல் செய்யாது என்ற உண்மையைச் சொல்ல முடியாது.

"இரவில எந்த மொக்கனும் எடுப்பான். பகலில எடுக்கிறது தான் கலை. அதுக்கு ஒரு சாமான் வாங்கோணும். என்.டி!"

கத்தி நின்றது. வதனா மெதுவாகத் திரும்பினாள். வெங்காயக் கண்ணீர் வேறு.

"ஆரைப் பாத்து ஏன்டி எண்டுறியள்?"

"ஐயோ, உம்மையில்லை! என்.டி. எழுத்து. நியூட்ரல் டென்ஸிற்றி. கமராவின்ர கண்ணுக்குப் போடுற கறுப்புக் கண்ணாடி. நிறத்தை மாத்தாது, வெளிச்சத்தை மட்டும் குறைக்கும். அந்தப் பக்கமும் சாயாது, இந்தப் பக்கமும் சாயாது. நடுநிலை."

"இந்த வீட்டுக்க நடுநிலையா ஒண்டு வாறது நல்லது தான்."

"ஏன், நான் நடுநிலை இல்லையோ? நீரும் என்ர அக்காவும் கதைவழிப்பட்டுச் சண்டை பிடிச்ச நேரம் நான் ஒரு பக்கமும் சேரேல்லையே?"

"நீங்கள் பாத்ரூமுக்க பூட்டிக்கொண்டு இருந்தனீங்கள். அது நடுநிலையில்லை. நடுக்கநிலை."

அவள் வெங்காயத்துக்குத் திரும்பிவிட்டாள். மறுப்பு எதுவும் சொல்லவில்லை. நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். கலியாணம் கட்டி இத்தனை வருஷமாகியும் நான் படிக்காத பாடம் இது. வதனா மறுத்தால் பயப்படத் தேவையில்லை. மறுக்காவிட்டால்தான் பயப்பட வேண்டும்.

முதலாவது சனி, மோர்னிங்சைட் பக்கம் ஒரு பிறந்தநாள். வானத்தில் ஒரு சின்ன முகில் நின்றது. பஞ்சு மிட்டாய் அளவு. நான் கமராவைத் தோளில் போட்டேன்.

"வதனா, வானத்தைப் பாத்தீரோ? இண்டைக்கு மழை வெளுத்து வாங்கப் போகுது."

"போங்கோ. கவனம்."

அவ்வளவுதான். நான் ஏரிக்கரைக்குப் போய், காரை நிழலில் விட்டு, சீற்றைச் சரித்து, இரண்டு மட்டன் ரோல்ஸ் சாப்பிட்டு, சுதந்திர மனிதனாக நித்திரை கொண்டேன். மழையும் இல்லை, மின்னலும் இல்லை. வீடு திரும்பியபோது வதனா பிறந்தநாள் வீட்டால் வந்து, சீலை மாற்றாமல், சோபாவில் கால் நீட்டியிருந்தாள்.

"படம் எங்க?"

"மின்னல் ஏமாத்திப்போட்டுது."

"கன்னத்தில என்ன கோடு?"

"மின்னல் வெளிச்சம் பட்டதாக்கும்."

"மின்னல் என்ன, சீற்பெல்ட் அகலத்திலயோ விழுந்தது?"

நான் கன்னத்தைத் தடவினேன். பெல்ட்டின் பின்னல் கைக்குத் தட்டுப்பட்டது. நாடியில் ஒட்டியிருந்த ரோல்ஸ் தூளும் தட்டுப்பட்டது. வதனா கோபிக்கவில்லை. அமைதியாக ஒரு தீர்ப்புச் சொன்னாள்.

"இஞ்சேருங்கோ. துஷாந்தின்ர மகள் அட்சயாவின்ர அரங்கேற்றம் வருது. ஒஷாவாவில. அதுக்கிடையில ஒரு பகல் மின்னல் படம் எனக்குக் காட்டோணும். காட்டினால், படம் எடுத்த ஆள் அரங்கேற்றத்துக்கு வரத் தேவையில்லை. இந்தக் கோடை முழுக்க ஒண்டுக்கும் வரத் தேவையில்லை."

"மெய்யாவோ?"

"மெய்யா. படம் வராட்டி, நீங்கள் ஒஷாவாவுக்கு வந்து மேடையில ஏறி வாழ்த்துரை சொல்லோணும். அத்தான் தான் பேசோணும் எண்டு துஷாந்த் கேட்டவன்."

துஷாந்த் வதனாவின் சித்தப்பா மகன். என்மேல் பாசமானவன், வாய் நிறைய அத்தான் என்று கூப்பிடுகிறவன். அதுதான் பிரச்சினை. மேடை என்றால் எனக்குச் சொல் மாறிவிடும். எங்கள் சொந்தக் கலியாண வீட்டில் நன்றி சொல்ல மைக்கைத் தந்தபோது, "எல்லாரும் வந்ததுக்கு மன்னிக்கவும்" என்று சொன்னவன் நான்.

ஆகவே, பொய்யாகத் தொடங்கிய கலையை மெய்யாகவே செய்ய வேண்டியதாயிற்று.

கமராவின் கண்ணுக்குப் போடும் பில்ரர் பெட்டி ஒன்று வாங்கினேன். உள்ளே மூன்று கண்ணாடிகள். ஒன்று லேசான சாம்பல் நிறம். மற்றது கொஞ்சம் இருட்டு. மூன்றாவது சட்டியின் அடி மாதிரிக் கறுப்பு. வெளிச்சத்தை எவ்வளவு குறைக்கிறது என்பதை ஸ்ரொப் என்கிற கணக்கில் சொல்லுவார்கள். மூன்று ஸ்ரொப், ஆறு ஸ்ரொப், பத்து ஸ்ரொப்.

"பத்து ஸ்ரொப்போ?" வதனா கறுப்புக் கண்ணாடியை யன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். "பத்து ஸ்ரொப் பஸ்ஸில போனால் கெனடி ஸ்ரேஷன் வந்திடுமே. உதுக்குள்ளால ஒண்டும் தெரியேல்லையப்பா."

"உமக்குத் தெரியாது. கமராவுக்குத் தெரியும்."

"மற்ற ரெண்டும்?"

"அது சின்னப் பிள்ளையளின்ர. வாங்கிறதெண்டால் பெரிசாத்தான் பாவிக்கோணும்."

எனக்குத் தெரிந்ததை அவளுக்கு விளங்கப்படுத்துவதில் எப்போதும் ஒரு சுகம். அதிகம் கிடைக்காத சுகம். கதிரையை இழுத்துப் போட்டேன்.

"கேளும். கமராவுக்க ஒரு கதவு இருக்கு. ஷட்டர். பகலில அதைக் கனநேரம் திறந்து வைச்சால் வெளிச்சம் வெள்ளமா வந்து படம் வெள்ளைக் கடதாசி ஆகிடும். கெதியாப் பூட்டினால், மின்னல் வாற நேரம் பாத்துக் கதவு பூட்டியிருக்கும். அதால கதவுக்குக் கறுப்புச் சீலை தொங்கவிடுறம். பேந்து ஆறுதலாத் திறந்து வைச்சுக்கொண்டு காத்திருக்கலாம். மின்னல் தானா வந்து விழும்."

"மின்னல் எவ்வளவு நேரம் நிக்கும்?"

"கண் சிமிட்டுற நேரமும் இல்லை."

"அப்ப கதவு கனநேரம் திறந்திருந்தாலும் மின்னலின்ர வெளிச்சம் வந்தது வந்த அளவு தானே? கூடிப்போகாதே?"

"கூடிப்போகாது. கெட்டிக்காரி."

"அந்தக் கறுப்புச் சீலை மின்னலையும் மறைக்காதோ?"

"அது நியூட்ரல் எண்டு சொன்னன் தானே?" என்றேன், கேள்வி சரியாக விளங்காமலே.

"ம்" என்றாள் வதனா.

அந்த "ம்"மை நான் கவனித்திருக்க வேண்டும்.

முதல் இடிமழை ஒரு செவ்வாய்க்கிழமை, வேலை முடிந்து வரும்போது வந்தது. காரை ஏரிக்கரைக்குத் திருப்பினேன். வெளியில் இறங்கக் கூடாது, இரும்புக் கால் பூட்டிய கமராவோடு திறந்த வெளியில் நின்றால் மின்னலே வந்து உன்னைப் படம் எடுக்கும் என்று மாக்கஸ் அண்ணை சொல்லியிருந்தார். ஆகவே காருக்குள்ளேயே இருந்தேன். கமராவை டாஷ்போர்டில் மடித்த துவாய்க்கு மேல் இருத்தினேன். பத்து ஸ்ரொப்பைப் பூட்டினேன். பூட்டிய பிறகுதான் தெரிந்தது, அதற்குள்ளால் எனக்கு ஏரியும் தெரியவில்லை, வானமும் தெரியவில்லை. கமராவுக்கும் தெரியவில்லை. அது கிட்டத்தில் எது இருக்கிறதென்று தடவிப் பார்த்து, கார் கண்ணாடியில் ஒட்டிக்கிடந்த ஒரு இலையைத் தெளிவாகப் பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து பார்த்தால் பத்துப் பன்னிரண்டு படம். எல்லாவற்றிலும் அதே இலை.

"மின்னலில பச்சை நிறமும் இருக்கோ?" என்றாள் வதனா.

ஆனால் அன்று வேறொன்றும் நடந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லுகிறேன். இலையைப் படம் எடுத்துக்கொண்டிருந்த நேரம், எனக்கு நேரெதிரே, சாம்பல் வானத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு மின்னல் ஏரியில் இறங்கியது. பகல் வெளிச்சத்தில் இறங்கியது. கொடி மாதிரிக் கிளைவிட்டு, ஒரு கணம் நின்று, போய்விட்டது. காருக்குள், வழியில் வாங்கிய ரோல்ஸைப் பிடித்தபடி வாயைத் திறந்தது திறந்தபடி இருந்தேன். மண்டபம், சூட், வாழ்த்துரை ஒன்றும் நினைவில் இல்லை. ஐம்பத்தாறு வயதில் முதல்தரம், ஒரு விசேஷத்துக்கு நேரத்தோடு வந்து முன்வரிசையில் இருக்கிற சந்தோஷம் வந்தது.

அதற்குப் பிறகு எனக்கு உண்மையாகவே விசர் பிடித்தது. பில்ரர் பூட்ட முன்னமே தூரத்தைத் தெளிவாக்கிவிட்டுப் பிறகு பூட்ட வேண்டும் என்று படித்தேன். கையால் அமத்தினால் கமரா ஆடும், வயரில் தொங்கும் சுவிட்ச் வேண்டும் என்று படித்தேன். அந்தச் சுவிட்சை அமத்திப் பூட்டிவிட்டால் கமரா தன்பாட்டில் படம் எடுத்துக்கொண்டே இருக்கும் என்றும் படித்தேன். படித்ததை எல்லாம் இரவுச் சாப்பாட்டு மேசையில் வதனாவுக்கு ஒப்புவித்தேன். அவள் புட்டைக் குழைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றிரண்டு கேள்வியும் கேட்டாள். என் கலையில் அவளுக்கு மதிப்பு வந்துவிட்டதென்று நினைத்து, இரண்டாந்தரம் புட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அரங்கேற்றத்துக்கு முந்திய சனி. அன்றைக்கு விசேஷம் ஒன்றும் இல்லை. வானம் காலையிலிருந்தே முகத்தைத் தூக்கி வைத்திருந்தது. மத்தியானம் மூன்று மணிபோல மேற்கே கறுத்தது. எங்கள் வீடு பதினாலாம் மாடி. பல்கனிக் கதவைத் திறந்தால் கட்டடங்களுக்கு மேலால் பெரிய வானம். கமராவை சோபா இருக்கும் ஹோலுக்குள், கதவுக்குப் பின்னால் மூன்றுகால் ஸ்ராண்டில் நிறுத்தினேன். தூரத்தைத் தெளிவாக்கினேன். பத்து ஸ்ரொப்பைப் பூட்டினேன். சுவிட்சைக் கையில் எடுத்தேன். இன்றைக்குப் பிழை விட வழியே இல்லை.

மழை தொடங்கியது. முதல் மின்னல் விழுந்தது. நேரே! சட்டத்துக்கு நடுவில்!

"விழுந்திட்டுது வதனா! விழுந்திட்டுது!"

"மா குழைக்கிறன். பேந்து வாறன்."

ஒரு நிமிஷத்துக்கு மேலாகக் கமராவின் கதவு திறந்திருந்தது. பூட்டியதும் ஓடிப்போய்த் திரையைப் பார்த்தேன். வடிவான படம். முகில் எல்லாம் பட்டுப்போல இழுபட்டு, கட்டடங்கள் நனைந்து மினுங்கின. மின்னல் மட்டும் இல்லை. என் இரண்டு கண்ணாலும் கண்ட மின்னல் இல்லை!

திரும்ப எடுத்தேன். திரும்ப விழுந்தது. திரும்ப இல்லை. வானம் எனக்காகவே அள்ளி அள்ளிக் கொட்டியது. கமரா ஒன்றையும் ஏந்தவில்லை. திரையைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தேன். ஒரு படத்தில் மயிர் மாதிரி ஏதோ தெரிந்தது. துடைத்துப் பார்த்தேன். மயிர்தான். என்னுடையது.

"கமரா பழுது!" என்று கத்தினேன். "மாக்கஸ் அண்ணை பழுதான கமராவைத் தலையில கட்டிப்போட்டார்!"

"அண்ணையைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டுங்கோவன்," என்றாள் வதனா குசினியிலிருந்து. குரல் சீனிப்பாகு. "நான் இதைப் பாத்துக்கொள்ளுறன்."

லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. படிகளில் ஓடினேன். மாக்கஸ் அண்ணை பகல் நித்திரையில் இருந்தார். எழுப்பி, காற்சட்டை போட வைத்து, பேபி அக்கா தந்த தேத்தண்ணியை மறுக்க முடியாமல் குடித்து, இருவருமாக மேலே வர கொஞ்ச நேரம் பிடித்துவிட்டது.

கதவைத் திறந்தால், கமராவுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு வதனா இருந்தாள். ஒரு கையில் தேத்தண்ணி. மற்றக் கையில் சுவிட்ச். விரலில் மா. கமரா டிக், டிக், டிக் என்று தன்பாட்டில் எடுத்துக்கொண்டிருந்தது. என் பத்து ஸ்ரொப் கண்ணாடி கழற்றப்பட்டு, அவள் கையிலிருந்த கோப்பைக்குக் கீழே தட்டாக இருந்தது.

"அதை ஏன் கழட்டினீர்?"

"சத்தம் போடாதேங்கோ. அண்ணை, இதைப் பாருங்கோ."

வதனா சுவிட்சை நிறுத்தி ஒரு படத்தைத் திரையில் எடுக்க, மாக்கஸ் அண்ணை குனிந்து பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தார்.

"யேசுவே!" என்றார். "தங்கச்சி, இது நீங்கள் எடுத்ததோ?"

நானும் பார்த்தேன். பார்க்காமல் விட்டிருக்கலாம். கறுத்த முகிலுக்கும் மக்கோவன் வீதிப் பக்கக் கட்டடங்களுக்கும் நடுவில், வேர் வேராகக் கிளைவிட்டு, ஊதா ஓரத்தோடு, வெள்ளை வெளேரென்று நின்றது மின்னல். கீழே வீதியில் ஒரு சிவப்பு பஸ். மழைக் கோடுகள்கூடத் தெரிந்தன. நான் ஏரிக்கரையில் வாயைத் திறந்தபடி பார்த்த அதே சாதி மின்னல். என் நெஞ்சுக்குள் ஒன்று பிசைந்தது. அது பொறாமை என்று உடனே விளங்கவில்லை. மத்தியானம் தின்ற புட்டு என்று நினைத்தேன்.

"என்ன செய்தனீர்?" என்றேன்.

"நீங்கள் சொன்னதைத் தான். மின்னல் கண் சிமிட்டுறதுக்குள்ள போயிடும் எண்டனீங்கள். அப்ப அது எவ்வளவு வெளிச்சத்தைத் தருதோ, அவ்வளவு தான். உங்கட கறுப்புக் கண்ணாடி அதையும் சேத்து மறைக்குது. பேந்து நிமிஷக்கணக்கா வாற பகல் வெளிச்சம் மிச்சத்தையும் விழுங்குது. அதுதான் லேசான கண்ணாடியைப் போட்டன். அது அரைச் செக்கன் திறக்கவிடுது. அரைச் செக்கன் அரைச் செக்கனா விடாமல் எடுத்தால் எதோ ஒண்டில விழத்தானே வேணும்? சுவிட்சைப் பூட்டிப்போட்டு ரொட்டி தட்டினன்."

"சரியான கதை!" என்றார் மாக்கஸ் அண்ணை. "சிறீ, உமக்கு உது விளங்கேல்லையோ?"

"விளங்கினது," என்றேன். "செய்து பாக்கத்தான் இருந்தனான்."

அண்ணை போனதும் என் மூளை மெல்ல வேலை செய்யத் தொடங்கியது. பொறாமையை ஒரு பக்கம் வை. கமரா நான் கொண்டு வந்தது. பில்ரர் நான் வாங்கியது. படம் இருக்கிறது! அரங்கேற்றத்துக்கு முதலே இருக்கிறது! குரலைச் சரிசெய்துகொண்டேன்.

"அப்ப வதனா, ஒப்பந்தப்படி படம் வந்திட்டுது."

"ஓம், வந்திட்டுது."

"பேச்சு மாறமாட்டீர் தானே?"

"நான் என்னத்துக்கு மாறுறன்? படம் எடுத்த ஆள் ஒஷாவாவுக்கு வரத் தேவையில்லை. கோடை முழுக்க ஒண்டுக்கும் வரத் தேவையில்லை." தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தாள். "படம் எடுத்தது ஆர்?"

அவள் விரலில் இருந்த மாவை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன்.

"நீர்... போகாமல் இருப்பீரோ? உம்மட தம்பியின்ர மகள்!"

"அட்சயாவின்ர ஆட்டத்தைப் போன கிழமை ரிகேசலில முழுக்கப் பாத்திட்டன். வடிவா ஆடுறாள். கட்டிப்பிடிச்சுக் கொஞ்சிப்போட்டும் வந்தனான். மண்டபத்துக்குத்தான் வரேலாது எண்டு துஷாந்துக்குச் சொல்லியாச்சு."

"எப்ப சொன்னனீர்?"

"நீங்கள் படியால இறங்கி ஓடேக்க."

நான் சோபாவில் இருந்தேன். இத்தனை வருஷமும் விசேஷ வீடுகளுக்கு என்னை இழுத்துப்போனவள் இவள். அந்த நியாயத்தைக் கேட்காமல் விட முடியுமா?

"உமக்குத்தானேயப்பா விசேஷம் எண்டால் விருப்பம்?"

வதனா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கோபமான பார்வை இல்லை. அதனால் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"ஆர் சொன்னது விருப்பமெண்டு? நீங்கள் மண்டபத்தில ஒரு மூலையில குந்திப் போனைப் பாப்பியள். நான் தான் எல்லாரோடயும் சிரிச்சுக் கதைக்கிறது. உங்கட ஆக்களோடயும் சேத்து. வீட்ட வந்தால் தாடை நோகும். கட்டின சீலையை அவிழ்க்கவும் அலுத்துப் பஞ்சியா இருக்கும். வீட்டில ஒராள் எண்டாலும் போய் மனுசரின்ர முகத்தைப் பாக்கோணும். உங்களைத் தனிய அனுப்பினால் வாசலில திரும்பி வந்திடுவியள். அதால நான் போனனான்."

 இத்தனை கோடை நாங்கள் இருவரும் ஒரே மேசையில், ஒரே ஆசையோடு, ஒருவருக்கொருவர் தெரியாமல் இருந்திருக்கிறோம்.

"இதை முதலே சொல்லியிருந்தால் ரெண்டுபேருமே வீட்டில நிண்டிருக்கலாமே?" என்றேன், மெய்யாகவே மனம் இளகி.

"அதுதான் சொல்லேல்லை," என்றாள். "ரெண்டுபேரும் நிண்டால் ஆர் போறது?"

பின்னேரத்துக்குள் அந்த மின்னல் வதனாவின் குடும்ப வாட்ஸப்பில் விழுந்தது. லண்டனில் இருந்தும் பரிஸில் இருந்தும் கை தட்டினார்கள். ஒரு சித்தி அதைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டப் போவதாக எழுதினாள். பில்ரர் வாங்கியது நான் என்று நானும் ஒரு வரி எழுதினேன். அதற்கு ஒருவர் பெருவிரலைக் காட்டினார். பிறகு அதையும் அழித்துவிட்டார்.

அடுத்த சனி வந்தது. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வதனா மழைக் கோட்டும் சப்பாத்தும் போட்டு நின்றாள். மாக்கஸ் அண்ணையும் பேபி அக்காவும் காரோடு கீழே காத்திருந்தார்கள். ஏரிக்கரைக்குப் போகிறார்களாம். பேபி அக்கா இடியப்பமும் சொதியும் கட்டியிருந்தா. வதனா என் கழுத்துப் பட்டியை இழுத்துச் சரிசெய்தாள். இருபது வயது குறைந்தவள் மாதிரி இருந்தாள். எனக்கு அது பிடித்திருந்தது. அதைச் சொல்லவும் வாயெடுத்தேன்.

"பயப்படாதேங்கோ. வாழ்த்துரை தானே? ரெண்டு வசனம் சொல்லிப்போட்டு இறங்குங்கோ," என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்கு ஓடிவிட்டாள்.

நான் சூட்டுக்குள் ஏறி, நாலு ஓ ஒண்டு நெடுஞ்சாலையில் ஏறி, மழைக்குள்ளால் ஒஷாவா போய்ச் சேர்ந்தேன். வாசலில் சந்தனம் தந்த பிள்ளையில் தொடங்கி, மண்டபம் முழுக்க ஒரே கேள்வி.

"அக்கா வரேல்லையோ?"

"மின்னல் எடுக்கப் போயிட்டா."

"அய்யோ, அந்தப் படம்! நாங்களும் பாத்தனாங்கள்! அவவின்ர கையைக் காட்டச் சொல்லுங்கோ, கண்ணில ஒத்தோணும்!"

இத்தனை வருஷமும் வதனா செய்ததை அன்று நான் செய்தேன். எல்லோரையும் பார்த்துச் சிரித்தேன். எல்லோரோடும் கதைத்தேன். யாருடைய பிள்ளை எங்கே படிக்கிறது என்று கேட்டேன். மறுமொழியையும் கேட்டேன். ஒரு மணித்தியாலத்தில் தாடை நோகத் தொடங்கியது. அட்சயா மேடையில் மயிலாக ஆடினாள். வெளியே இடி முழங்கியபோதெல்லாம் என் மனம் யன்னலைத் தேடியது. மண்டபத்துக்கு யன்னல் இல்லை.

ஆட்டத்துக்கு நடுவில் சீலை மாற்றுகிற இடைவேளையில் துஷாந்த் மேடைக்கு வந்தான். 

"அன்பான உறவுகளே! இண்டைக்கு எங்களோட ஒரு முக்கியமான ஆள் இருக்கிறார். புகழ்பெற்ற மின்னல் புகைப்படக் கலைஞர் சந்திரவதனா அக்காவின் அன்புக் கணவர்!"

கைதட்டல் எழும்பியது. நான் எழுந்து, கோட்டின் பொத்தானைப் பூட்டி, படியேறினேன்.  மின்னல்காரியின் கணவன் என்றால் அதுவும் ஒரு மரியாதைதானே என்று தலையை நிமிர்த்தினேன். துஷாந்த் மைக்கை என் பக்கம் நீட்டினான். பிறகு ஏதோ யோசித்து, பின்னுக்கு இழுத்து, கையால் பொத்திக்கொண்டு என் காதுக்குள் குனிந்தான். பொத்தியது மைக்கின் தலையை அல்ல, காம்பை. ஆகவே மண்டபம் முழுக்கக் கேட்டது.

"குறை நினைக்காதேங்கோ அத்தான், உங்கட பேர் என்ன?"